ஹெலனுடன் இரண்டாம் முறை பார்க்காத படம்

ஹெலன் இறந்துபோன செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னது நஸ்ரின். சில வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளிக்கு வந்த வேதியியல் ஆசிரியை. "டீச்சர், ஹெலன் டீச்சர் தவறிட்டாங்க. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க, வழியிலயே..." இவளுக்கு எப்படி எனக்கு முந்தித் தெரிந்தது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இந்த நினைவு மலரில் இதைப் படிக்கிற நீங்கள் ஹெலனை அறிந்தவர்கள், என்னையும் அறிந்தவர்கள். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாளையங்கோட்டையில் ஒரே பள்ளியில் அவள் இயற்பியலும் நான் கணக்கும் நடத்தினோம். அவள் உவரிக்காரி. கடற்கரையில் வளர்ந்த தொண்டை. அவள் பாடம் நடத்தும்போது பக்கத்து வகுப்பில் என் பிள்ளைகளும் சேர்ந்து இயற்பியல் படித்தார்கள். விண்வெளிப் படம் எது வந்தாலும் முதல் வாரமே ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் நாங்கள் இருவரும் இருப்போம். ஒருமுறை டிக்கெட் கிழிப்பவர் எங்களைப் பார்த்துவிட்டு, "குடும்பப் படம் அங்கன ஓடுதும்மா, இது ராக்கெட் படம்" என்று வழிகாட்டினார். "குடும்பம் வீட்லயே ஓடுது அண்ணாச்சி. எங்களுக்கு ராக்கெட்டுதான் வேணும்" என்றாள் ஹெலன்.

எங்களுக்கு உயிரான படம் ஒன்று இருந்தது. அழியப்போகும் கிரகத்திலிருந்து ஒரு கப்பல் நிறைய மனிதர்களைக் காப்பாற்றிக் கொண்டுபோகும் பெண் பொறியாளரின் கதை. அதன் இரண்டாம் பாகம் வந்தபோது, பார்த்தவர்கள் எல்லாம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். அதில் அதே பெண், வயதாகி, பனி மூடிய ஓர் இடத்தில் தனியாக வாழ்கிறாள். அவள் காப்பாற்றியவர்களே அவளை அழைத்துப்போக வந்து கதவைத் தட்டுகிறார்கள். அவள் திறப்பதில்லை. கப்பல் திரும்பிப் போய்விடுகிறது.

நாங்கள் திட்டுகிற கட்சி. "எல்லாரையும் உயிரைக் குடுத்துக் காப்பாத்துனவ, இதுல கதவைக்கூடத் திறக்க மாட்டேங்கா. என்ன எழவு படம்ட்டி இது?" என்று இடைவேளை முடிந்ததும் ஆரம்பித்த ஹெலன், மறுநாள் ஆசிரியர் அறையிலும் நிறுத்தவில்லை. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அடுத்த வாரம் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் சேரன்மகாதேவிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த அன்று மதியச் சாப்பாட்டின்போது, எல்லோர் முன்னாலும் ஹெலன் எழுந்து நின்றாள். "அந்தப் படத்தைப் பத்தி நான் சொன்னது தப்பு. மறுபடியும் பாத்தேன். நல்ல படம்" என்றாள், திட்டிய அதே குரலில்.

ஏன் என்று மற்றவர்கள் கேட்டார்கள். நான் கேட்டது, "யாரோட போன?"

"நஸ்ரினோட."

"நான் வார வரைக்கும் இருக்கக் கூடாதா?"

"நீ வந்தா திட்டிக்கிட்டே இருப்பட்டி. நஸ்ரின் படம் பாக்கும்போது பேச மாட்டா. அன்னைக்கு நாம பேசிப் பேசியே ஒண்ண விட்டுட்டோம். அவ கதவைத் திறக்கல, சரி. ஆனா உள்ள, காதைக் கதவுல வச்சுகிட்டு நிக்கா. வெளிய பேசுத சத்தம் அடங்குத வரைக்கும் அப்படியே நிக்கா. அதை நாம பாக்கவே இல்ல."

எங்களோடு சேர்ந்து திட்டிய இரண்டு பேர் அன்று மாலையே படத்துக்குக் கிளம்பினார்கள். போன வாரம் ஊருக்கே கேட்கச் சொன்னதை இந்த வாரம் தப்பு என்று சொல்ல எனக்கு வராது. அவளுக்கு வருகிறதே என்ற பொறாமையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவள் பக்கத்து இருக்கையில் நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. "வாட்டி, ஒருக்கா சேர்ந்து பாப்போம்" என்று ஹெலன் பலமுறை கூப்பிட்டாள். நான் போகவில்லை.

அடக்கம் உவரியில். பள்ளியிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போனோம். திரும்பும்போது நஸ்ரின் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெகு தூரம் வந்த பிறகு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரியா? அந்தப் படத்தைப் பாக்கணும்" என்றேன்.

வந்தாள். டிவியில் பார்த்தோம். ஹெலன் சொன்னது உண்மை, நஸ்ரின் வாயே திறக்கவில்லை. நானும் பேசவில்லை. கதவில் காதை வைத்து அவள் நிற்கும் காட்சி வந்தது. முதல் முறை இதைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை.

"இந்த இடத்துல டீச்சர் என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க" என்றாள் நஸ்ரின்.

"எந்தக் கை?"

அவள் சற்றுத் திகைத்து, இடது கையைக் காட்டினாள். வளையல் போட்ட சாதாரணக் கை. அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும், "பிடிச்சிருக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

"அந்தக் காட்சி நல்லாருக்கு. படம் பிடிக்கல."

"ஹெலன் டீச்சர் இருந்தா விடவே மாட்டாங்க. சண்டைக்கு வந்திருப்பாங்க."

"வந்திருப்பா" என்றேன்.

ஹெலன் சரியாகப் பார்த்த படம் நஸ்ரினிடம் இருக்கிறது. அதை நான் கேட்டு வாங்க முடியாது. நாங்கள் இருவரும் தப்பாகப் பார்த்தது என்னிடம் இருக்கிறது. அன்று தியேட்டரில் முன்வரிசைக்காரர் திரும்பி, "கொஞ்சம் பைய பேசுங்கம்மா" என்று கெஞ்ச, ஹெலன் சிரிப்பை அடக்க என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் சேலையின் தோள்பட்டை நனைந்துபோகிற அளவுக்குச் சிரித்தாள். அதில் நான் யாருக்கும் பங்கு தருவதாக இல்லை.