பாதி சாம்பலான கல்யாணப் படங்கள்

ஓவியாவோடு ஒரே அறையில் வேலை பார்ப்பது பெரிய இம்சை. உட்கார்ந்தால் கால் ஆடும், மேசை ஆடும், மேசைமேல் இருக்கும் என் டீயும் ஆடும். கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்கள் கல்யாண ஸ்டுடியோவில் ஆல்பம் போடுகிறாள். படம் எடுக்கிற நெல்சன் நான்தான். முதலாளி ஜான்பீட்டர்.

நான் கொண்டுவரும் கேமரா கார்டைச் செருகி, மூலையில் இருக்கும் சர்வருக்குப் படங்களை அனுப்புவது அவள் வேலை. ஏறி முடிய நேரமாகும் என்பதால் மத்தியானம் ஏற்றிவிட்டு நாங்கள் பின்கட்டில் சாப்பிடப் போய்விடுவோம். எல்லாம் வந்துவிட்டது என்று திரை சொன்னதும் கார்டை அழித்து, அடுத்த கல்யாணத்துக்கு என்னிடம் தருவாள். ஐப்பசி பிறந்ததும் இந்த வழக்கத்தில் மண் விழுந்தது. சில கல்யாணங்களில் ஒன்றிரண்டு படம் கெட்டுப்போயிற்று. திறந்தால் மேல்பாதி சரியாக இருக்கும், கீழ்ப்பாதி வெறும் சாம்பல்.

அப்படிக் கெட்டதில் ஒன்று, மாதா கோயில் பக்கத்தில் இருக்கும் அற்புதத்தின் கல்யாணப் படம். கோயிலுக்குக் கிளம்புமுன் அப்பா அவள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தது. அப்பாவின் முகம் இருக்கிறது. குனிந்து நின்ற அற்புதம் சாம்பலுக்குள் போய்விட்டாள். மறு வாரமே அந்த மனிதர் மாரடைப்பில் இறந்துபோனார். இனி யாரைக் கொண்டுவந்து எடுப்பது?

ஜான்பீட்டர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. ஓவியாவைத் தனியாக அந்த வீட்டுக்கு அனுப்பி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவள் அங்கே அழுதுவிட்டு வந்தாள். இன்னொரு தடவை நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவசரக்காரி, கார்டைப் பாதியிலேயே உருவியிருப்பாள் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார்டை மாற்றிப் பார்த்தாள். சர்வரின் டிஸ்க்கைச் சோதித்தாள், பழுதில்லை. வைரஸும் இல்லை. எலி கடித்திருக்குமோ என்று நாற்காலி போட்டு ஏறி ஒயரை முழுக்கத் தடவிப் பார்த்தாள். காலையில் ஏற்றினால் ஒரு படமும் கெடவில்லை. மத்தியானம் ஏற்றினால் சில நாள் கெட்டது, சில நாள் கெடவில்லை. மத்தியானத்துக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். முறைத்தாள். பிறகு அவளே, கெட்டதெல்லாம் மழை நாள் என்றாள். கரண்ட் போயிருக்கும் என்றேன். யுபிஎஸ் இருக்கிறதே என்று அதையும் அடித்துவிட்டாள்.

அடுத்து வானம் கறுத்த மத்தியானம் அவள் சாப்பிட வரவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை; கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றேன். படங்கள் ஏறிக்கொண்டிருந்தன. கடல் பக்கம் இடி உறுமியது. ஜான்பீட்டர் தன் அறையிலிருந்து விறுவிறுவென்று வந்தார். எங்களைக் கவனிக்கவே இல்லை. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுவரில் இருக்கும் நெட்வொர்க் பெட்டியிலிருந்து ஒயர்களைக் கொத்தாகப் பிடுங்கினார்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இடி இடித்தால் டிவி ஒயரைப் பிடுங்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. என் வீட்டில் நானே பிடுங்குவேன். போன வருஷம் இடி விழுந்து கடையில் ஒரு கம்ப்யூட்டர் கருகிப்போனதிலிருந்து அவருக்குப் பயம் கூடிவிட்டது. உறுமல் அடங்கியதும் திரும்பச் செருகிவிடுவாராம்.

"நெட்டுதானம்மா. நீங்க சாப்புடுற நேரந்தான?" என்றார், ஓவியா அந்த ஒயர்களையே பார்ப்பதைக் கண்டு.

சர்வருக்குப் போகும் ஒயரும் அதே கொத்தில்தான் இருக்கிறது என்று அவள் காட்டினாள். ஏறிக்கொண்டிருக்கும் படத்துக்கு சர்வர் முழு இடத்தையும் முன்னாலேயே ஒதுக்கி வைத்துவிடும். பிடுங்கிய ஒயரைத் திரும்பச் செருகினால், காப்பி எடுக்கிற சாஃப்ட்வேர் பெயரையும் அளவையும் மட்டும் பார்த்து, இது வந்தாயிற்று என்று அடுத்த படத்துக்குப் போய்விடும்; வராத பாதி காலியாகவே நின்றுவிடும். சொன்னதோடு விடாமல் ஒயரைச் செருகி, அவர் கண்முன்னாலேயே படத்தைத் திறந்தாள். பாதி சாம்பல்.

ஜான்பீட்டர் முகம் சுண்டிப்போயிற்று. இனிமேல் பிடுங்கமாட்டேன், நீ வேலையைப் பாரும்மா என்றார். அதோடு தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஓவியா நகரவில்லை.

"அற்புதம் அக்கா வீட்டுக்கு நீங்க வரணும் சார்."

அவர் மழையைக் காட்டினார். கஸ்டமர் வருவார் என்றார். போனில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கார் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் போனோம்.

வந்த விஷயத்தை அற்புதம் வாசலில் நின்றே கேட்டுக்கொண்டாள். ஜான்பீட்டர் மழுப்பவில்லை. ஒயரைப் பிடுங்கியது தான்தான், இந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த மட்டில் அவர் மனுஷன். அற்புதம் ஓவியாவைத்தான் பார்த்தாள்.

"அப்பறம் ஏன் தங்கச்சி அன்னிக்கு அப்புடி அழுத?"

"என் தப்புன்னு நானே நம்பிட்டேன்க்கா" என்றாள் ஓவியா.