தொண்ணூற்றேழை எண்பதாக்கிய என் டேபிள்

"எண்பது பர்சன்ட்தான் மேடம் பொரிச்சிருக்கு! தொண்ணூறுக்குக் கீழ போனா அழிக்கணும், ரூல் ரூல்தான். செல்வி இப்போ முட்டை அட்டையை எல்லாம் பிளீச்சிங் டிரம்ல போட்டுட்டு இருக்காங்க" என்றார் மேனேஜர் போனில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மைசூருவில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் ஒரு தனியார் நிலையத்தில் புள்ளியியல் பார்த்தவள் நான். செல்வி முட்டைப் பிரிவின் சூப்பர்வைசர், ஹனூர்ப் பக்கத்துக்காரர். அந்த முட்டை லாட் அவருடைய மூன்று மாத உழைப்பு. அது தேறாவிட்டால் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

பொரிப்பு சதவீதங்கள் நூறை ஒட்டியே குவிந்து கிடக்கும், ஒரு பக்கமாகச் சாய்ந்த டேட்டா. அப்படியே அனோவா என்ற ஒப்பீட்டுக் கணக்கைப் போட்டால் முடிவு தப்பிப்போகும். அதனால் ஆர்க்சைன் டிரான்ஸ்ஃபர்மேஷன் செய்வோம். விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுத்துக் கோணமாக மாற்றுவதுதான் அது. நூறு சதவீதம் தொண்ணூறு டிகிரி ஆகும், தொண்ணூற்றேழு எண்பது டிகிரி ஆகும். அசல் சதவீதத்தையும் பக்கத்திலேயே போடுவது எங்கள் வழக்கம். மேனேஜருக்கு அனுப்பிய டேபிளில் மட்டும், தாளில் இடம் கொள்ளவில்லை என்று அந்த வரிசையை நானே வெட்டினேன். டிகிரி என்றும் எழுதவில்லை. இது யாருக்குத்தான் தெரியாது என்ற மிதப்பு!

"ஐயோ சார், அது பர்சன்ட் இல்ல, டிகிரி! நிறுத்தச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டு, செருப்புகூட மாட்டாமல் ஓடினேன்.

நாற்பது முட்டை அட்டைகளில் இருபத்தாறு போய்விட்டன. அடுத்த அட்டையைக் கையில் பிடித்தபடி செல்வி அழுதுகொண்டிருந்தார். நான் அதைப் பிடுங்கினேன்.

"சாம்பிள் பொரிச்சதை நீங்கதானே எண்ணினீங்க செல்வி? ஒரு வார்த்தை வந்து கேட்கக்கூடாதா?"

"கேக்கலாம்னுதானுங்க பாத்தேன் மேடம். என் நோட்டுல தொண்ணூத்தேழுன்னுதான் இருக்குதுங்க. ஆனா நீங்க கம்ப்யூட்டர்ல போட்டதாச்சுங்களே. நாந்தான் எண்ணத் தெரியாம எண்ணிப்போட்டேன்னு நெனச்சுட்டேனுங்க."

அன்றே தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். செல்வியின் வேலை தப்பியது. இருபத்தாறு அட்டைகள் தப்பவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, டேட்டாவை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். ஆனால் முடிவை மறுபடி சதவீதமாக்கி, அலகோடு எழுதுங்கள். கணக்குப் போட்டதில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் தன் கண்ணால் பார்த்து எண்ணிய ஒருத்தி, தன் கண்ணையே நம்பாமல் போகும்படி செய்துவிட்டேன்.