அக்காவுக்கு ஊசி போட்டது யாரு?

அந்த டாக்டரம்மாவுக்கு மற்ற டாக்டர்கள் வைத்த பட்டப்பெயர் ஊசிப்பட்டாசு. வாயைத் திறந்தால் படபடவென்று வெடிப்பாள், அதுவும் தடுப்பூசியைப் பற்றியே. குழந்தைகளுக்கு ஊசி போட எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. மூட்டுவாதம், குடல் அழற்சி என்று வருஷக்கணக்கில் மருந்து எடுக்கும் பெரியவர்களை யார் நினைக்கிறார்கள்? அந்த மருந்துகள் பலதும் நோயை அடக்குகிற கையோடு எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு லாரி டிரைவரை நிமோனியாவுக்குப் பறிகொடுத்த பிறகுதான், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் டாக்டர்களுக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தாள். அது லேசுப்பட்ட வேலையா? பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், மீதிப் பேர் பிஸ்கட் எப்போது வரும் என்று கதவைப் பார்ப்பார்கள்.

அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கூட்டம் நடக்கிற ஆஸ்பத்திரியிலேயே, மேல் மாடியில், அவளுடைய சொந்த அக்காவுக்கு மூட்டுவாதப் புது மருந்து ட்ரிப்ஸில் ஏறப்போகிறது. அக்கா மழலைப் பள்ளி டீச்சர். நாள் முழுக்க பிள்ளைகள் அவள் முகத்திலேயே தும்முவார்கள். "இனிமே பசங்களுக்கு நானே பட்டன் போட்டுவிடலாம்டி!" என்று காலையிலிருந்து ஓயாமல் போன். கூட்டத்தை முடித்துவிட்டு ஓடிப்போய் அக்கா பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் இவள் ஆசை.

மைக்கைப் பிடித்தாள், பற்றிக்கொண்டது. "உயிருள்ள கிருமியில செஞ்ச தடுப்பூசிய இந்த மாதிரி மருந்து ஓடறப்போ போடாதீங்க. மத்தத தாராளமா போடலாம். ஆனா சில மருந்து இருக்கு, ஒரு தடவை ட்ரிப்ஸ் ஏறிட்டா மாசக்கணக்குல எந்த ஊசியும் சரியாப் பிடிக்காது. அதுக்கு முன்னாடியே போட்டாகணும்!"

பிறகு கேட்டாள். "சரி, உங்க பேஷண்டுக்கு யார் ஊசி போடறது?"

முன்வரிசையில் இருந்த மூட்டு டாக்டர், பக்கத்திலிருந்த ஒரு குடும்ப டாக்டரைக் காட்டினார். குடும்ப டாக்டர், "ஐயையோ, ஸ்பெஷலிஸ்ட் பாத்துப்பாருன்னு நான் இருக்கேன்," என்றார். ஒரே சிரிப்பு.

"ஆளாளுக்குக் கைகாட்டினா பேஷண்ட் கதி அதோகதி!"

மூட்டு டாக்டர் விடுவாரா? "மேடம், இன்னிக்கு என்கிட்ட ட்ரிப்ஸுக்கு வந்திருக்கவங்கள எடுத்துக்குங்க. அவங்க வீட்லயே ஊசிப்பட்டாசு இருக்கு. அப்புறம் நான் எதுக்குக் கேக்கணும்?"

மறுபடியும் சிரிப்பு. இவள் மட்டும் மேல்மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா பெரிய ஸ்பெஷலிஸ்டிடம் போகிறாள், அவர் எல்லாம் பார்த்திருப்பார் என்று இவளும்தான் இருந்துவிட்டாள். அக்காவுக்கு ஏறப்போகிற மருந்தோ, இவள் இப்போது சொன்ன அந்தச் 'சில மருந்தில்' ஒன்று.

"டாக்டர், நான் போடல," என்றாள் மைக்கிலேயே. "நீங்க போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அடுத்த நொடி இருவரும் படியேறி ஓடினார்கள். லிஃப்டுக்கு நிற்கப் பொறுமை ஏது! மாடியில் நர்ஸ் அக்காவின் கையில் நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க சிஸ்டர்!"

மூட்டு டாக்டர் மூச்சு வாங்க அக்காவின் விரல்களை அழுத்திப் பார்த்தார். "தள்ளிப் போடலாம். இன்னிக்கு ஊசி, நாலு வாரம் கழிச்சு ட்ரிப்ஸ். அதுவரைக்கும் மாத்திரையில சமாளிக்கலாம்."

"நாலு வாரமா?" அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "ராத்திரி வலியில புரண்டு படுக்க முடியலடி. உனக்கு விளையாட்டா இருக்கா? ஊருக்குத்தான் உபதேசமா?"

"திட்டுக்கா, நல்லாத் திட்டு. ஆனா நீ எனக்கு வேணும்." இவள் அழுதுகொண்டே சொன்னாள்.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். கதவருகே பார்த்தாள். கீழே இருந்த அத்தனை டாக்டர்களும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டைக் கையை மடித்துத் தோளை நீட்டினாள். "போடு. எல்லாரும் நல்லாப் பாத்துக்கட்டும்."

நர்ஸ் எடுத்துவந்த நிமோனியாத் தடுப்பூசியை இவள் போட்டாள். தப்பித்தோம்டா சாமி!

அப்போது நடைபாதையில் அந்தக் குடும்ப டாக்டரின் குரல் கேட்டது. சுவரோரமாக நின்று தன் பேஷண்ட் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "அம்மா, நாளைக்கு ட்ரிப்ஸுக்குப் போகாதீங்க, முதல்ல என்கிட்ட வாங்க. இல்லம்மா, அவர் போட்டிருப்பாருன்னு நெனச்சிட்டேன்..." அவருக்குப் பக்கத்தில் இன்னொரு டாக்டரும் போனை எடுத்தார்.