முதுகில் வாங்கிய ஞாயிறு

சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் சாராளுக்கு இரண்டு ஆள் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய தண்ணீரை அன்றைக்கே இறைத்து நிரப்பியாக வேண்டும். சோறும் அன்றைக்கே. வடித்து ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, சட்டியின் மேல் தட்டைக் கவிழ்த்து, பூனை தள்ளாதபடி அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பாள். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. அதற்குப் பிறகு அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டால், திங்கட்கிழமை விடிகிற வரையில் அந்த வீட்டில் நெருப்பு இல்லை.

"கர்த்தரோட பழைய சோறு ரெடி!" என்பாள் பாப்பா. அவர்களுக்கு அவள் ஒரே பெண்.

"வாய மூடுடி, நைனா காதுல வுழப்போவுது" என்று சாராள் முந்தானையால் சிரிப்பை மூடிக்கொள்வாள்.

ஏசுபாதத்தின் காதில் விழத்தான் விழும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அந்தப் பெண் விஷயத்தில் மட்டும் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், மிஷன்காரர்கள் ஒரு காலத்தில் நிலம் வாங்கிக் குடிவைத்த தெரு அது. தெருக்கோடியில் ஓடு போட்ட சின்ன வேதக்கோயில். அதன் மணியை அடிப்பவர் ஏசுபாதம். மற்ற நாட்களில் கடலோரச் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டுவார். தெருவில் அவரைப் பற்றிப் பொதுவாக ஒரு பேச்சு உண்டு: நல்ல மனுஷன், ஆனால் வளைக்க முடியாது, சவுக்கு மாதிரி.

எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. உடம்புக்கு வந்தால் முதலில் ஜெபம், அப்புறம் தூதுவளை ரசம், அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி. ஒருமுறை கம்பவுண்டர் சாராளுக்குக் கொடுத்த டானிக்கை மோந்து பார்த்துவிட்டு, "இதுல சாராயம் கலந்துகீது" என்று முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டார். கிறிஸ்துமஸ் கூட அவருக்கு ஆகாது. அது மனுஷன் வைத்த பண்டிகையாம், ஞாயிறுதான் ஆண்டவன் வைத்ததாம். ஸ்காட்லாந்துப் பாதிரி அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாராம். பாதிரி கப்பலேறிப் போய் வெகுநாளாகிவிட்டது. பிறகு வந்த சபை ஐயரே கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரம் கட்டினார். ஏசுபாதம் அதன் கீழே குனிந்து போய் மணி அடித்துவிட்டு வந்தார்.

அரசியலிலும் அதே கதைதான். "காந்தி பொறந்ததுக்கு லீவு, கொடி ஏத்துனதுக்கு லீவு. கவர்மெண்டு இப்டியே லீவு வுட்டுகினு இருந்தா ஆண்டவன் வுட்ட லீவுக்கு இன்னா மருவாதி?" என்பார். சாராளின் தம்பி ராஜேந்திரன் ரயில்வேயில் கேங்மேன். சாராள் கல்யாணத்தோடு கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவள், அவன் வீட்டார் சேராதவர்கள். அவன் சட்டைப் பையில் எப்போதும் கறுப்பு சிவப்பில் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கும். பாப்பா எட்டாவது முடித்தபோது, "பள்ளிக்கூடத்துல இந்துன்னு எழுதிடு மச்சான். அரிஜனங்களுக்கு உபகாரச் சம்பளமும் உண்டு, ஆஸ்டலும் உண்டு. வேதக்காரன்னு எழுதுனா நாமம்தான்" என்று சொல்லிப் பார்த்தான். ஏசுபாதம் எழுத மறுத்துவிட்டார். பாப்பா தோப்புக்குச் சுள்ளி மிளாறு பொறுக்கப் போனாள்.

இத்தனை பிடிவாதத்துக்கும் வேர் ஒன்றுதான். சாராள் அதைக் கல்யாணமான புதிதில், அவருடைய அப்பா சட்டையில்லாமல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தபோது, கண்ணால் பார்த்திருக்கிறாள். கிழவர் ஒரு மிராசுதாரிடம் படி நெல்லுக்கு அடிமை உழைப்பு உழைக்கும் படியாளாக இருந்தவர். படியாளுக்குக் கிழமை கிடையாது. ஞானஸ்நானம் வாங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஏர் பிடிக்க மாட்டேன் என்றார். களத்துப் புளியமரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். அடுத்த ஞாயிறும் வர மாட்டேன் என்றார், அடுத்த ஞாயிறும் அடித்தார்கள். கடைசியில் மிராசுதாருக்குத்தான் கை சலித்தது. அன்றையிலிருந்து அந்தச் சேரிக்கு வாரத்தில் ஒரு நாள் சொந்தமாயிற்று. அந்த முதுகில் உழவு சால் போலத் தழும்புகள் ஓடியிருந்தன. ஏசுபாதம் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறமாட்டார், வண்டி ஏறமாட்டார், கத்தி எடுக்கமாட்டார் என்பதைத் தெருவில் சிரித்தவர்கள் உண்டு. சாராள் சிரித்ததில்லை.

விலக்கு ஒன்றே ஒன்று. "அவசரத்துக்கும் இரக்கத்துக்கும் ஓய்வுநாள் தடை இல்லை" என்று பழைய பாதிரி சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மிராசுதாரின் பேரன் கோதண்டராமனுடைய எருமை கிணற்றில் விழுந்துவிட்டது. ஏசுபாதம் மணிக்கயிற்றை விட்டுவிட்டு ஓடி, கிணற்றில் இறங்கி, அதன் வயிற்றில் வடம் போட்டு ஏற்றிவிட்டார். வேட்டியெல்லாம் சேறாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவரை ஐயர் பிரசங்கத்திலேயே புகழ்ந்தார்.

பாப்பாவுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்த வருஷம் இருமல் வந்தது. ஜெபம் ஆயிற்று, தூதுவளை ஆயிற்று. செங்கல்பட்டில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துக் காசம் என்றார்கள். பட்டணம் போகிற வழியில் காசநோய் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அங்கே படுக்கை கிடைத்தால் ஊசி போட்டுத் தேற்றலாம், ஆனால் கிடைக்கிற வரையில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஏசுபாதம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தூக்கிக்கொண்டு போகச் சொன்னால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போயிருப்பார். காத்திருந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள் வேண்டா. அதே தெருப் பெண்தான். ஒரு சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில், பஸ்ஸை விட்டு இறங்கியவள் தன் வீட்டுக்குக் கூடப் போகாமல் நேரே ஓடி வந்தாள்.

"அக்கா, பெட்டு கெடச்சிட்ச்சி! ஒரு அம்மா நல்லாயி நாளைக்கு வூட்டுக்குப் போவுது. சாயந்திரம் வரிக்கும் புடிச்சி வெக்கறேன்னு சிஸ்டரு சொல்லிகீறாங்கோ. தாண்டுனா அடுத்த ஆளுக்குப் பூடும்."

சாராளின் கையில் சோற்றுச் சட்டி இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள். வாசலில் ஏசுபாதம் கோடரிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கா?" என்றார்.

"நாளைக்குத்தான் அண்ணாத்த. மொத பஸ்ஸு புடிச்சா வெயிலுக்கு முன்னாடி பூடலாம்."

"நாளைக்கு ஞாயிறு."

வேண்டா சாராளைப் பார்த்தாள். "சிஸ்டரும் வேதக்காரங்கதான் அண்ணாத்த. அவுங்களே ஞாயித்துக்கெழம டூட்டி பாக்கறாங்கோ."

"அது அவுங்க பாடு. திங்கக்கெழம கருக்கல்லியே கெளம்பிடறோம். நீ கொஞ்சம் சொல்லி வையி."

"நானே திங்கக்கெழமதான் போறேன். யாராண்ட சொல்றது?" என்று வேண்டா முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

சாராள் சட்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். "பாப்பா நைனா, அவசரம்னா போலாம்னு பாதிரியே சொன்னாருன்னு நீதான சொன்ன?"

"ஆமா."

"உங்கப்பனைக் கட்டி வச்சி அடிச்சவன் வூட்டு எருமைக்கு அவசரம். பெத்த பொண்ணுக்கு அவசரம் இல்லியா?"

ஏசுபாதம் எண்ணெய்த் துணியை மடித்தார். "எருமை முழுகிகினு இருந்திச்சி. கண்ணால பாத்தேன். பாப்பா தோ, உக்காந்து கீர உருவிகினு கீது. மூணு மாசமா இருமுது. ஒரு நாள்ல இன்னா ஆயிடும், சொல்லு."

சாராள் திரும்பிப் பார்த்தாள். பாப்பா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாலைக் காய்ச்சலில் கன்னம் சிவந்து, பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தேறிவிட்டவள் போலத்தான் இருந்தாள். அந்த வியாதியின் வஞ்சகமே அதுதான். எந்த ஒரு நாளைக் காட்டியும் இதுதான் அவசரம் என்று சொல்ல விடாது.

"நான் எருமயாவே பொறந்திருக்கலாம் நைனா" என்றாள் பாப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஏசுபாதம் எழுந்து போய்க் கோடரியை ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலையில் சாராள் பெட்டியிலிருந்து, வெளியூர் போனால் கட்டுகிற புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஏன் கட்டினாள் என்று அவளுக்கே தெளிவில்லை. சாலையில் முதல் பஸ் ஹாரன் அடித்தது. அதே நேரத்தில் அவர் அடிக்கிற மணியும் கேட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிறு கூட அவள் சாலைப் பக்கம் திரும்பினதில்லை. கால் பழகின பக்கம் போயிற்று. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் போய் உட்கார்ந்தாள்.

மத்தியானம் ராஜேந்திரன் வந்தான். வேண்டா சொல்லித்தான் வந்திருக்க வேண்டும். சாலையில் சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

"இன்னா மச்சான், உங்க ஆண்டவரு ஞாயித்துக்கெழம கடைய மூடிட்டாரா? டிரைவரு நம்ம ஆளு. பட்டணம்தான் போறான். முன்னாடி எடம் கீது. பாப்பாவ ஏத்து."

"ஒக்காரு, ஒரு வாய் சோறு துண்ணு."

"சோத்துக்கா வந்தேன்?"

ஏசுபாதம் நிதானமாகத்தான் பேசினார். "உனுக்குத் தெரியாது ராஜேந்திரா. இந்த நாளு எங்கப்பன் முதுகுல வாங்குன நாளு. அவுரு பட்ட அடிய லாரி மேல ஏத்தி அனுப்பமாட்டேன்."

"முதுகு உங்கப்பனோடது மச்சான்" என்றான் ராஜேந்திரன். "நெஞ்சு பாப்பாவோடது."

லாரிக்காரன் இரண்டு தரம் ஹாரன் அடித்தான். ராஜேந்திரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஏசுபாதம் அன்றைக்குப் பழைய சோற்றில் கை வைக்கவில்லை. சாயங்காலம் வரையில் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டே இருந்தார். அவர் சாலையைப் பார்க்கிறாரா வெயிலைப் பார்க்கிறாரா என்று சாராளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் படுக்கையில் வேறொரு பெண் உட்கார்ந்து கொய்யாப் பழம் தின்றுகொண்டிருந்தாள். பாப்பாவின் வயதுதான் இருக்கும். சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "நேத்து இருட்டற வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தேம்மா. அடுத்தது வந்தா சொல்லி அனுப்பறேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று சாராளுக்கு இருந்தது. திரும்புகிற பஸ்ஸில் பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டது. மழையோடு மழையாக ஒரு நாள் பாப்பா ரத்தமாகக் கக்கினாள். செங்கல்பட்டுக்குக் கொண்டுபோக வண்டி கட்டுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அடுத்த படுக்கை காலியென்று சேதி வந்தபோது, அனுப்புவதற்கு வீட்டில் ஆள் இல்லை.

"அங்க வந்து சேந்தும் பூடறவங்க கீறாங்க அண்ணாத்த" என்று வேண்டா ஒரு நாள் சொன்னாள். ஆறுதலுக்காகச் சொன்னதுதான், பொய்யும் இல்லை. ஏசுபாதம் கேட்டுக்கொண்டார். கேட்டது உள்ளே போனதாகத் தெரியவில்லை. சாராளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அன்றைக்கு ஏன் போகவிடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவருக்குப் பாரம் குறையும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் வாய் வரவில்லை. கேட்டால், வெளியூர்ப் புடவையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனவளையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

அவர் மணி அடிப்பதை விடவில்லை. அவள் சனிக்கிழமை சோறு வடிப்பதை விடவில்லை. மூன்று பேருக்கு அளந்த கை இரண்டுக்கு வர வெகுநாள் பிடித்தது.

கார்த்திகை கழிந்து பனி இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை சாராளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. கோயிலுக்குப் போகவில்லை. கொஞ்சம் வெந்நீர் குடித்தால் தேவலை போலிருந்தது. வைராக்கியமாகவோ பழிக்காகவோ செய்யவில்லை, எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நெருப்பு அதுதான் முதல் தடவை. ஈரச் சவுக்கு. எரியாமல் புகைந்தது. புகை நெஞ்சை அடைத்து, அவள் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு இருமினாள்.

கோயிலில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாட்டு முடிவதற்குள் ஏசுபாதம் வாசலில் நின்றார். இருமல் காதில் விழுந்து ஓடி வந்திருக்கிறார், செருப்பு இல்லை. அடுப்பைப் பார்த்தார்.

"எழுந்திரு" என்றார்.

"எங்க? பொகதான். சவுக்கு ஈரமா கீது."

"எழுந்திரு சாராளு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைக்குப் போனார். சபை கலைந்து ஜனங்கள் வெளியே வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏசுபாதம் நடுச்சாலையில் நின்று இரண்டு கையையும் விரித்தார். பஸ் சீறிக்கொண்டு வந்து அவர் எதிரே நின்றது. "சாவணும்னா கடலுக்குப் போயேன்யா!" என்று டிரைவர் கத்தினான். அவர் சாராளை ஏற்றிவிட்டு, படியில் கால் வைக்கும்போது மட்டும் ஒரு நொடி நின்றார். பிறகு ஏறினார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற ஜன்னல் மூடியிருந்தது. வராந்தாவில் ஒரு ஆள் தரை துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கெழமயில சீட்டு கெடயாது பெரியவரே. நாளைக்கு வாங்க" என்றான். ஏசுபாதம் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, துடைப்பதை நிறுத்தினான். "அவசரம்னா சொல்லு, உள்ள டாக்டர் கீறாரு, கூப்புடறேன். அவசரமா?"

சாராளுக்கு இருமல் எப்போதோ நின்றிருந்தது. உடம்பு வலியும் பஸ் ஆட்டத்தில் எங்கோ போய்விட்டிருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அவசரம்தாங்க" என்றார் ஏசுபாதம். "ரொம்ப அவசரம்."