வேலிக்குள் கிடந்த குட்டி

கீழே கிடக்கும் எதையும் கார்மேகத்தால் தாண்டிப்போக முடியாது. திருகாணி, கம்பித்துண்டு, பாட்டில் மூடி, எதுவானாலும் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். டிரைவர் செய்கு அலாவுதீன் இதைப் பல வருடங்களாகப் பார்க்கிறார். "உம்ம பைக்குள்ள ஹார்டுவேர் கடையே நடத்தலாம்யா" என்பார்.

அமீரகத்தில், ராஸ் அல் கைமாவின் கல் குவாரிகளுக்கு வெகு மேலே, சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, வேலி போட்டுக் காத்த புல்வெளி அது. எங்கும் அருகிப்போன அரேபிய வரையாடுகள் சில அங்கே மேய்ந்தன. கார்மேகம் அதற்குக் காவல். முதுகுளத்தூர்ப் பக்கம் ஆடு மேய்த்தவர் என்றுதான் மேனேஜர் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

2005 மாசியில், மழைக்குப் பின் புல் தழைத்திருந்த ஒரு காலை. பாறை இடுக்கில் பச்சைக்குட்டி ஒன்று தனியே கிடந்தது. ஊரில் என்றால் மந்தையில் தவறிய குட்டி. தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார்கள். அவரும் அப்படியே தூக்கிக் கேபினுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தண்ணீர் கேன்களோடு வந்த செய்கு வாசலிலேயே நின்றுவிட்டார். "யோவ், என்னய்யா காரியம் பண்ணிருக்கீரு?"

"அநாதையாக் கெடந்துச்சு பாய். தாயைக் காணோம்."

"காட்டு ஆடு குட்டியை ஒளிச்சு வச்சுட்டுத்தான் மேயப் போகும். மேனேஜர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! மனுச வாடை பட்டுருச்சுன்னா தாய் சேக்காது. குட்டியும் கலாஸ், உம்ம வேலையும் கலாஸ்."

குட்டி பால் குடித்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ? கார்மேகம் சட்டென்று உப்பு டப்பாவை எடுத்தார்.

"ஊர்ல தாய் சேக்காத குட்டிக்கு உப்புத்தண்ணி தடவுவோம் பாய். நக்க ஆரம்பிச்சா சேத்துக்கிரும்."

"இது உங்க ஊரு வெள்ளாடா?"

கார்மேகம் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குட்டியின் முதுகில் தடவினார். கிடந்த இடத்திலேயே குட்டியை விட்டுவிட்டு, தங்கள் வாடையைக் காற்று குட்டியின் பக்கம் கொண்டுபோகாத இடமாகப் போய் இருவரும் பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்தார்கள்.

வெயில் ஏறியது. நடுப்பகலில் தாய் பாறை விளிம்பில் தெரிந்தது. காலால் தரையை உதைத்தது, திரும்பிப் போய்விட்டது. குட்டி கத்தியது. செய்கு உதடு அசையாமல் ஓதிக்கொண்டிருந்தார். தாய் மறுபடியும் வந்தது, முகர்ந்தது, துள்ளி விலகியது. மூன்றாம் முறை வந்து, குட்டியின் முதுகை ஒரு நக்கு நக்கிப் பார்த்தது. பிறகு விடாமல் நக்கியது. குட்டி மடியைத் தேடி முட்டியது.

அன்றைக்கே கார்மேகம் மேனேஜருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். தண்டனையாக அந்த வருட ஊர் லீவு போயிற்று, வேலை போகவில்லை.

இது 2009. புல்வெளியில் ஒன்பது வரையாடுகள் இருக்கின்றன. அந்தக் குட்டி அவற்றில் ஒன்றா என்று கார்மேகத்துக்குத் தெரியாது.