இடைவேளை வரைக்கும்

ஒக்ஸ்போர்டின் பழைய மண்டபத்தில் ஓர்க்கெஸ்ட்ரா இடைவேளைக்கு ஓய்ந்ததும், என் கை தானாக ஜக்கெற்றை எடுத்தது.

யுத்தகாலக் கொழும்பில் இப்படியான கச்சேரிகளில் அப்பாவும் நானும் இடைவேளையோடு எழும்பிவிடுவோம். நேரம் பிந்தினால் வெள்ளவத்தை செக்பொயின்ற்றில் தமிழ்ப் பெயருக்கு ஆயிரம் கேள்வி. அம்மா வீட்டு வாசல் கேற்றைப் பிடித்தபடி நிற்பா. டீசல் மணக்கும் பஸ்ஸில், கேட்ட பாதியை அப்பா முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

“மிச்சம் எப்பிடியப்பா இருக்கும்?”

“எனக்கென்னண்டு தெரியும்? நானும் உன்னோடதானே எழும்பி வந்தனான்!” என்று சிரிப்பார். “சண்டை முடியட்டும் குஞ்சு, முழுக்க இருந்து கேப்பம்.”

சண்டை முடியுமுன் அப்பா போய்விட்டார்.

ஜக்கெற்றை மடியில் வைத்து உட்கார்ந்தேன். விளக்குகள் மங்கின. இரண்டாம் பாதி இவ்வளவு மெதுவாகவா தொடங்கும்? “கேளுங்கோவன் அப்பா” என்று திரும்பினேன். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒருவர் கண்மூடியிருந்தார்.