மாப்பிள்ளையின் எண்

புருலாய் பதினாறு வருடமாக அந்தத் தொழிலில் இருக்கிறாள். மகள் ஐசிரெக்கிடம் மட்டும் தையல் கூடத்தில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். பிஷ்கெக் நகரத்தில் பாதிப் பெண்கள் தையல் கூடத்தில்தான் இருக்கிறார்கள், அதனால் யாரும் துருவிக் கேட்டதில்லை.

முதலில் தெருவில், மரங்களுக்குக் கீழே ஏழெட்டுப் பெண்களாக நிற்பார்கள். குளிர் எலும்பைத் துளைக்கும். ஆனால் ஒருத்தி காரில் ஏறினால் மற்றவர்கள் வண்டி எண்ணை உரக்கப் படிப்பார்கள், ஓட்டுகிறவன் காதில் விழும்படி. பிறகு இணையம் வந்தது. வாடகை அறை, விளம்பரம், முகம் மறைத்த படம். தரகனுக்குப் பங்கு இல்லை, உனக்கு நீயே முதலாளி என்றார்கள். நல்ல முதலாளி! வந்து போனவன் ஓட்டல் சாப்பாட்டுக்குப் போடுவது போல நட்சத்திரம் போடுகிறான். இரண்டு குறைந்தால் அடுத்த வாரம் ஆள் வராது. கதவைச் சாத்திய பிறகு எண்ணைப் படிக்கத்தான் யாரும் இல்லை.

அதற்கும் பெண்கள் ஒரு வழி கண்டார்கள். அங்கே எல்லார் கைபேசியிலும் ஒரு செயலி உண்டு. ஓர் எண்ணைப் போட்டால், ஊரார் அதை என்னென்ன பெயரில் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டிவிடும். சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். கெட்டவனிடம் மாட்டியவள் அவன் எண்ணை அவன் குணத்தின் பெயரிலேயே பதிந்துவிடுவாள். 'குடித்தால் அடிப்பான்.' 'கத்தி வைத்திருக்கிறான்.' அடுத்தவள் பார்த்துத் தப்பித்துக்கொள்வாள்.

அந்த ஞாயிறு மதியம் ஐசிரெக்குக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. விருந்துக்குப் போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த புருலாயிடம் மகள் மாப்பிள்ளை நூர்தௌலத்தின் எண்ணைக் கொடுத்து, "வழி கேட்டா அவர்கிட்ட சொல்லும்மா" என்றாள். விரல் பழக்கத்தில் எண்ணைச் செயலியில் போட்டது.

நூரு டயர் கடை. நூரு தம்பி. நாலாவதாக, 'கழுத்தை நெரிப்பான், போகாதே.'

அடுப்பை அணைத்துவிட்டுத் தொழில் தோழி லூபாவை அழைத்து அதைப் படித்துக் காட்டினாள்.

"நான்தான்டி போட்டேன்" என்றாள் லூபா. "போன மாசிப் பனியில. ரெண்டு வாரம் கழுத்துல துணி சுத்திக்கிட்டுத் திரிஞ்சேனே, அவன்தான். ஏன், உன்கிட்டயும் வந்தானா?"

"என் வீட்டுக்கு வர்றான். மாப்பிள்ளையா."

புருலாய் மகளை உட்காரவைத்துக் காட்டினாள்.

"யாரோ வயித்தெரிச்சல்ல போட்டிருப்பாங்கம்மா."

"லூபா போட்டது. அவளும் நானும் ஒரே வேலை. தையல் இல்ல."

 ஐசிரெக் எழுந்து உள்ளே போய் நூர்தௌலத்திடம் கைபேசியில் பேசினாள். திரும்பி வந்தபோது அழுதிருந்தாள்.

"அவருக்கு உன்னைப் பத்தி ஒரு மாசமாத் தெரியுமாம். உன் எண்ணையும் போட்டுப் பாத்தாராம். தெரிஞ்சும் என்னைக் கட்டிக்க வர்றாரு. நீ அவரைக் குறை சொல்றியா?"

புருலாய்க்குப் புரிந்தது. அவன் பெருந்தன்மையால் வரவில்லை. நாளைக்கு இந்தப் பெண் கழுத்தில் தழும்போடு வந்து நின்றால் நியாயம் கேட்க வாயில்லாத அம்மாவாகப் பார்த்துத்தான் பெண் எடுக்கிறான்.

வந்தார்கள். தேநீர் குடித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தோட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

"சம்பந்தி, அதை மூடி வைங்க" என்றாள் புருலாய். "உங்க பிள்ளை பொம்பளைங்க கழுத்தை நெரிக்கிறவன். எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க, சொல்றேன்."

யாரும் கேட்கவில்லை. அதிலிருந்தே அவர்களுக்கும் எல்லாம் தெரியும் என்று புரிந்தது, பிள்ளையைப் பற்றியும் அவளைப் பற்றியும். கோட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். ஐசிரெக்கும் தன் கோட்டை எடுத்தாள்.

"நீ எங்கடி போறே?"

"உன் தொழில் வெளிய தெரிஞ்ச பிறகு வேற எவன் வருவான் எனக்கு? நீயே சொல்லு."

பதில் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டாள். அந்த ஊர் வழக்கத்தில், பெண் வீட்டைவிட்டு மாப்பிள்ளை வீட்டாரோடு காரில் ஏறினால் அதுவே கல்யாணம்.

சாயங்காலம் படம் வந்தது. ஐசிரெக் தலையில் மணப்பெண்ணின் வெள்ளைத் துணி, காதில் தோடு. அனுப்பியவன் நூர்தௌலத். கீழே, "நீங்களே அனுப்பி வெச்சுட்டீங்க. நன்றி, அத்தை" என்று எழுதியிருந்தான்.